சிவப்பு மையும் ஒரு மொட்டைக் கடிதமும்

காலை பத்து மணி இருபது நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு கேள்விக்குறியை. தனக்கு முந்தைய சொல்லோடு ஒட்டாமல், ஓர் எழுத்து நுழையும் அளவுக்குத் தள்ளி நின்றது அது.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றபடி தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது அச்சுக்கூடத்தில் வந்த பழக்கம். அதில் பிழை முதலில் தெரியும், பொருள் பிறகுதான் வரும்.

"கதவைச் சாத்திட்டு உட்காருப்பா" என்றார் சூப்பிரண்டு.

அவர் கும்பகோணத்துக்காரர். எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். கடற்காற்றில் துருப்பிடித்த குண்டூசியை அந்தத் தாளிலிருந்து பிடுங்கி, மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தாளில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

"மொட்டைக் கடிதம். என்மேல. மேல எழுதிப் போட்டிருக்கான். மேலிடத்துல இருந்து என் ரிமார்க்ஸ் கேட்டு எனக்கே அனுப்பியிருக்காங்க."

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒருவர்மீது புகார் வந்தால் அதை அவருக்கே அனுப்பி விளக்கம் கேட்பதுதான் அலுவலக நடைமுறை. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இங்க இருக்கிற நாலு கிளார்க்கும் எழுதற இங்கிலீஷ் உன் கையிலதான் திருந்தி வருது. யார் என்ன தப்புப் பண்ணுவான்னு உனக்குத் தெரியாதது இல்ல. இது யாரோடது, சொல்லு."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இதை இத்தனை ஆண்டுகள் கழித்தாவது எழுதிவிட வேண்டும்.

வெளியே வந்தபோது பெஞ்சில் வரதன் உட்கார்ந்திருந்தார். சூப்பிரண்டின் மைத்துனர், பக்கத்துப் பிரிவில் கிளார்க். மடியில் டிபன் கேரியர். தினமும் அக்கா வீட்டிலிருந்து அவர்தான் கொண்டுவருவார்.

"மாமா ஃப்ரீயா சார்?" என்றார்.

தலையசைத்தேன். மொட்டைக் கடிதத்தில் இருந்த பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

கொடி இறங்கிய பிறகு

சென்னை நாளிதழில் புரூஃப் ரீடராக இருந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கடந்த சில வாரங்களாக எழுதி வந்தேன். அங்கிருந்து எதற்குப் புதுச்சேரி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடலூர் என் ஊர், அதற்குப் பக்கம். அதைவிடப் பெரிய காரணம், பகலில் விழித்திருந்து பார்க்கும் ஒரு வேலை வேண்டும் என்று உடம்பு கேட்டது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டடங்களின் மஞ்சள் வண்ணம் அப்படியே இருந்தது. போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி இருந்தது. காலையில் ரொட்டிக் கடைகளைத் தாண்டும்போது சுட்ட மாவின் வாசனை தெருமுனை வரை கூடவே வந்தது. மாறியது காகிதம்தான். பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இனி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருபது ஆண்டுகள் ஒரு மொழியில் சரளமாக எழுதிவந்தவர்கள், திடீரென்று இன்னொன்றில் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள்.

அவர்களுக்காகத்தான் என்னை எடுத்தார்கள். கிளார்க்குகள் எழுதும் ஆங்கில டிராஃப்ட் எதுவும் நான் பார்க்காமல் அலுவலகத்தை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. எனக்கு ஒரு மேஜை, ஒரு சிவப்பு மைப்புட்டி, வாரத்துக்கு இரண்டு பேனா முள்.

நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். இல்லாவிட்டால் பிரெஞ்சுக்கு மாறும்.

"செவப்பு மை வந்துட்டாரு, வாயை மூடு" என்று ஒருநாள் காதில் விழுந்தது. என் பெயர் அதுதான் என்று அப்படித்தான் தெரிந்தது.

அவர்கள் என்னை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. புரூஃப் அறையில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்: சரியாகத் தெரியும் வரியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். நான்கு பேரும் எப்போது எழுந்து போகிறார்கள், யார் யாரிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், எந்த டிராஃப்டை யார் எழுதி யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

பிழைகளின் ஊர்

பிழைக்கும் சொந்த ஊர் உண்டு என்பது எனக்கு அங்கே விளங்கியது.

சென்னைப் பக்கத்துக்காரர்களின் பிழை ஒரு விதம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பார்கள். 'டிஸ்கஸ்' என்று எழுதிவிட்டுப் பின்னால் ஓர் 'அபவுட்' சேர்ப்பார்கள். 'ரிட்டர்ன்' என்ற சொல்லோடு ஒரு 'பேக்'கையும் துணைக்கு அனுப்புவார்கள். வரதனின் டிராஃப்டுகள் இந்த வகை. போதாததற்கு எழுவாய் ஒருமையாக இருந்தால் வினை பன்மையாக இருக்கும். பக்கத்துக்கு இருபது சிவப்புக் கோடு போட்டால்தான் அவருடையதை அனுப்ப முடியும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களின் பிழை வேறு. 'இன்ஃபர்மேஷன்' என்பதற்குப் பன்மை போடுவார்கள். ஒருவருக்கு நாற்பது வயது என்று எழுத, அவர் நாற்பது ஆண்டுகளை வைத்திருக்கிறார் என்று எழுதுவார்கள். 'நேற்று' என்று நாளைச் சொல்லிவிட்டு, 'ஐ ஹேவ் சீன்' என்பார்கள். நாள் குறிப்பிட்ட பிறகு 'ஹேவ்' வேண்டாம், 'ஐ சா' போதும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! கேள்விக்குறிக்கும் அரைப்புள்ளிக்கும் முன்னால் இடம் விடுவார்கள். பிரெஞ்சு அச்சில் அப்படி விடுவதுதான் முறை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம் இருந்தது. கடிதத் தொடக்கத்தில் வரும். 'ஐ ஹேவ் தி ஆனர் டு பிரிங் டு யுவர் ஹை நாலெட்ஜ்.' தங்கள் உயர்ந்த அறிவுக்குக் கொண்டுவரும் பெருமை எனக்கு உண்டு என்று பொருள். பிரெஞ்சுக் கடிதத்தின் மரியாதையைச் சொல்லுக்குச் சொல் தூக்கி ஆங்கிலத்தில் வைத்ததால் வந்தது. அதை அடித்துவிட்டு 'ஐ ரைட் டு இன்ஃபார்ம் யூ' என்று எழுதி எழுதி என் கட்டைவிரலில் சிவப்பு ஏறியிருந்தது.

துறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத் தேர்வு. பிழை நீக்கி எழுதுதல், வாக்கியத்தைச் சீராக்குதல், ஒரு கடிதம், அவ்வளவுதான். தேறினால் வேலை நிரந்தரம். மூன்று முறை தவறினால் நகல் எழுதும் வேலைக்கு இறக்கிவிடுவார்கள்.

கோவிந்தசாமி மட்டும்தான் என் மேஜைக்கு வந்து சந்தேகம் கேட்பார். வில்லியனூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். சைக்கிளில் வருவார். கால்சட்டையின் அடியில் எப்போதும் செம்மண் இருக்கும்.

"சார், டிஸ்கஸ் அபவுட் இன்னாத்துக்கு சார் தப்பு? பேசுனா எதையாவது பத்தித்தானே பேசுவோம்?"

"அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கு."

"உள்ள இருக்கிறதை நான் எப்பிடி சார் பாக்கறது? மாம்பழமா, அறுத்துப் பாக்க?"

பின்னாலிருந்து சவரிராயன் சிரித்தார். நான் திரும்பியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சவரிராயன்

இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது என்பதால் அவரைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதற்கு மேல் டை. அந்த அறையில் டை கட்டியவர் அவர் ஒருவர்தான். கையெழுத்து அச்சுபோல இருக்கும். மேலே உள்ளவர்களை முசியே என்று அழைப்பது பழைய அலுவலக வழக்கம். அவர் தன்னைவிட இருபத்தைந்து வயது குறைந்த என்னையும் முசியே என்றே அழைத்தார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

ஒருமுறை அவருடைய டிராஃப்டைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார்: "எங்க ஸ்கூல்ல தப்பா எழுதுனா கன்னத்துல சிவக்கும் முசியே. நீங்க காகிதத்துல சிவக்க வைக்கிறீங்க. முன்னேத்தம்தான்."

ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தார். வரப்போவது மூன்றாவது, கடைசி.

மூன்று நாள் வேலை

மொட்டைக் கடிதத்தை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். கடிதம் தட்டச்சில் இருந்தது. அப்போதே தெருவுக்கு ஒரு தட்டச்சு நிலையம் முளைத்திருந்ததால், எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. வாக்கியத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சுருக்கமாக, கடிதம் சொன்னது இது. துறைத் தேர்வுக்கான கேள்வித்தாளைச் சூப்பிரண்டு தயாரித்திருக்கிறார். அது அவர் அறையிலேயே தட்டச்சாகிறது. மதிய உணவுக்குப் பிறகு அந்த அறையில் அவருடைய மைத்துனர் வரதன் தினமும் அரைமணி உட்கார்ந்திருக்கிறார். கேள்வித்தாள் வரதனுக்குக் காட்டப்பட்டுவிட்டது. இது நீதியா, இடைவெளி, கேள்விக்குறி.

நான் பார்த்தது அந்த இடைவெளியை.

பழைய டிராஃப்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். சிவப்பு மை பட்ட தாள்களைத் தூக்கி எறியாமல் கட்டிவைக்கும் பழக்கம் எனக்கு. நான்கு பேருடையதையும் தனித்தனியாக அடுக்கி, கடிதத்தை வரிவரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்மையான 'இன்ஃபர்மேஷன்ஸ்' ஓரிடத்தில். நாளைக் குறிப்பிட்ட பிறகும் 'ஐ ஹேவ் சீன்' இரண்டிடத்தில். தொடக்கத்தில், தங்கள் உயர்ந்த அறிவுக்கு.

நான்கு அடுக்கிலும் இந்தப் பிழைகள் இருந்தன. ஆனால் ஓர் அடுக்கில் மட்டும் எல்லாம் சேர்ந்து, திரும்பத் திரும்ப, கிட்டத்தட்ட ஒவ்வொரு தாளிலும் இருந்தன. சவரிராயனுடையதில்.

மூன்றாம் நாள் மதியம் சூப்பிரண்டிடம் சொன்னேன்.

"நினைச்சேன்" என்றார். "டை கட்டினவன். எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம். பிழைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சவரிராயனின் டிராஃப்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்து, 'இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை' என்று முடித்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினேன்.

பழுப்பு அட்டை நோட்டு

அடுத்த திங்கட்கிழமை சவரிராயனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். தேர்வு எழுத அவருக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது அந்த விளக்கத்தைப் பொறுத்தது. செவ்வாய்க்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு டிராஃப்ட்.

"என் விளக்கம் முசியே. திருத்திக் குடுக்கணும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"உங்க கை படாம இங்கிலீஷ் காகிதம் எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு. அதான் வந்தேன்."

முகத்தில் ஒன்றும் இல்லை. குறிப்பு எழுதியது நான்தான் என்று தெரிந்து வந்திருக்கிறாரா, தெரியாமல் வந்திருக்கிறாரா? கிராம்பு வாசனை வந்தது. தாளை வாங்கினேன். முதல் வரி, தங்கள் உயர்ந்த அறிவுக்குக் கொண்டுவரும் பெருமை எனக்கு உண்டு.

மொட்டைக் கடிதத்தைத் தான் எழுதவில்லை என்று சொல்ல, அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியத்தாலேயே தொடங்கியிருந்தார். குற்றம் செய்தவன் இப்படி எழுதமாட்டான் என்று தோன்றியது. அப்படி நான் நினைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியிருக்கலாம் என்றும் தோன்றியது.

"இந்த வரியை எத்தனை தடவை அடிச்சிருக்கேன்? ஏன் மறுபடி மறுபடி எழுதறீங்க?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"எந்த நோட்டு?"

அவர் என்னையே பார்த்தார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"கோவிந்தசாமி, அந்த நோட்டை எடு."

கோவிந்தசாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் பழைய பிரெஞ்சு ஃபைல்களுக்குப் பின்னாலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே மாதிரிக் கடிதங்கள். விடுப்புக்கு, நினைவூட்டலுக்கு, தகவல் கேட்க, புகார் சொல்ல, தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்க. கொடி மாறிய முதல் மாதத்தில், அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் கடிதங்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருந்ததால் பெரும்பாலானவற்றை எழுதியவர் சவரிராயன். அதன் பிறகு யாரும் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதவில்லை. கடிதம் வேண்டும் என்றால் நோட்டைத் திறப்பார்கள், வேண்டிய வரிகளைப் பிரித்தெடுத்துக் கோப்பார்கள், பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள். நான் டிராஃப்டில் அடிப்பேன். அடித்தது டிராஃப்டோடு நின்றுவிடும். நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கும். அடுத்த நாள் மறுபடி என் மேஜைக்கு வரும்.

ஒன்றரை ஆண்டு நான் திருத்திக்கொண்டிருந்தது நான்கு மனிதர்களின் ஆங்கிலத்தை என்று நினைத்திருந்தேன். நோட்டில் பக்கங்களைப் புரட்டினேன். மொட்டைக் கடிதத்தின் 'இன்ஃபர்மேஷன்ஸ்' பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'ஐ ஹேவ் சீன்' புகார்க் கடிதத்தில். கேள்விக்குறிகள் எல்லாம் தள்ளி நின்றன.

"மத்தவங்க இதுல இருந்து கொஞ்சம் எடுப்பாங்க, கொஞ்சம் மாத்துவாங்க" என்றார் சவரிராயன். "நான் மாத்தறதில்ல. என் கையால எழுதுனது. மாத்த மனசு வராது."

"இந்த நோட்டை யார் வேணாலும் எடுக்கலாமா?"

"அலமாரிக்குப் பூட்டு ஏது? பக்கத்து ரூம்ல இருந்தும் வந்து பாத்து எழுதிட்டுப் போவாங்க."

அப்படியானால் என் அரைப் பக்கத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. இந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

நோட்டோடு எழுந்தேன். "இதைச் சூப்பிரண்டுகிட்ட காட்டினா போதும்."

சவரிராயன் நோட்டின்மேல் கையை வைத்தார்.

"உட்காருங்க தம்பி."

அவர் என்னைத் தம்பி என்று அழைத்தது அன்று மட்டும்தான்.

"இதைக் காட்டுனா என்ன ஆவும்? யார் எழுதுனான்னு தெரியலன்னு ஆவும். தெரியலன்னா நாலு பேரையும் பரீட்சை எழுத விடாம நிறுத்துவாங்க. இவனுக்கு இது ரெண்டாவது தடவ" என்று கோவிந்தசாமியைக் காட்டினார். "அந்த ரெண்டு பேருக்கு மொதல் தடவ. எனக்கு எப்படியும் பாஸாவாது. உங்களுக்கே தெரியும்."

"முசியே, அதுக்காவ நீங்க…" என்று தொடங்கினார் கோவிந்தசாமி.

"நீ சும்மா இருடா. உன் டிஸ்கஸ் அபவுட்டை மொதல்ல பாரு."

மற்ற இருவரும் தலை நிமிரவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். பேனாவில் மை இல்லை என்பதை நான் கவனித்தேன்.

நான் அந்த நால்வரையும் பார்த்தேன். எழுதியவன் இந்த அறையில் இருந்தால், இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அது சவரிராயனாகவே இருந்தால், மற்றவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறார். எது சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"உங்க குறிப்பைச் சூப்பிரண்டு எனக்குப் படிச்சுக் காட்டுனாரு முசியே" என்றார் அவர், மறுபடி பழைய குரலில். "நல்லா இருந்துச்சு. ஒரு தப்பு இல்ல."

நான் தலை குனிந்து அவருடைய விளக்கத்தைத் திருத்தத் தொடங்கினேன். பதினேழு இடங்களில் சிவப்பு விழுந்தது. எழுந்து போகும்போது கேட்டார்:

"அந்த மொட்டைக் கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"நாற்பது தடவை படிச்சேன்."

"சரி" என்றார். தாளை மை காயும்வரை கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே தன் மேஜைக்குப் போனார்.

இரண்டாவது குறிப்பு

அன்று மாலையே சூப்பிரண்டிடம் போனேன். என் முடிவு தவறாக இருக்கலாம் என்றேன்.

"எப்படி?"

"அந்தப் பிழைகள் எல்லாருக்கும் பொதுவானவை."

"மூணு நாள் உட்கார்ந்து பார்த்துட்டு ஐயமில்லன்னு எழுதினவன் நீதானே? இப்ப என்ன புதுசா தெரிஞ்சுது? காரணம் இருந்தா எழுதிக் குடு."

காரணம் பழுப்பு அட்டை போட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

'மீண்டும் பார்த்ததில், முன்பு தெரிவித்த உறுதி எனக்கு இல்லை' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, முதல் குறிப்புக்குக் கீழே வைத்துக் குண்டூசி குத்தினார். பிறகு சவரிராயனின் விளக்கத்தை எடுத்துக் காட்டினார். நான் திருத்தி, தட்டச்சாகி வந்த பிரதி.

"பாரு. மாட்டினதும் எவ்வளவு சுத்தமா எழுதறான்! அப்ப வேணும்னேதானே தப்புத்தப்பா எழுதியிருக்கான்?"

"இது நான் திருத்தினது சார்."

"அது ஃபைல்ல எங்க இருக்கு?" என்றார்.

ஃபைலில் இல்லைதான். திருத்திய டிராஃப்ட் மேலே போகாது. அது என்னிடமே தங்கிவிடும்.

நான் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஒரு செய்தி வந்தால் அது உண்மையா என்று விசாரித்த பிறகுதான் வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்பது அங்கே கடைநிலை ஆளுக்கும் தெரியும். மதிய உணவுக்குப் பிறகு சூப்பிரண்டின் அறையில் யார் உட்கார்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க என் மேஜையிலிருந்து ஒன்பது அடி நடந்தால் போதும். அந்த ஒரு வாரமும் நான் நடக்கவில்லை. சூப்பிரண்டும் அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யார் எழுதியது என்று.

உத்தரவு பத்து நாளில் வந்தது. சவரிராயன் அந்த ஆண்டுத் தேர்வுக்கு அனுமதிக்கப்படவில்லை. அதை மூன்றாவது தவறுதலாகக் கணக்கில் எடுத்து, நகல் எழுதும் வேலைக்கு இறக்கி, ஏனாமுக்கு மாற்றியிருந்தார்கள். ஆந்திரக் கரையில், தெலுங்கு பேசும் ஊர். இரண்டு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போக வேண்டும்.

கடைசி நாளில் அவர் தன் மேஜையைத் துடைத்தார். மேஜை இழுப்பறையில் ஒன்றும் இல்லை, நான்கைந்து கிராம்பு தவிர. அவற்றைக் கோவிந்தசாமியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பரீட்சை ஹால்ல போட்டுக்க, தூக்கம் வராது" என்றார். என் மேஜைக்கு வந்து, "போயிட்டு வரேன் முசியே" என்றார். நான் எழுந்து நின்றேன். டையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்த டிராஃப்டுகளில் அந்த உயர்ந்த அறிவு வரவில்லை. நோட்டைத் தேடினேன். அலமாரியின் மேல்தட்டில் இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்டதற்கு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

தேர்வு

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் அலுவலகத்தின் நீளக் கூடத்தில் நடந்தது. பக்கத்துப் பிரிவுக்காரர்களையும் சேர்த்துப் பதினோரு பேர் எழுதினார்கள். மேற்பார்வைக்கு என்னையும் நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. தாள்கள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தார்கள். பிழை நீக்கி எழுத இருபது வாக்கியங்கள். கோவிந்தசாமி கன்னத்தில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் விரல் வைத்துப் படித்தார். வரதன் கொடுத்த நேரத்தில் பாதிக்குள் எழுதி முடித்துவிட்டு, கூழாங்கல்லை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு வர ஒரு மாதம் ஆனது. ஒரு புதன்கிழமை காலை, படிக்கட்டுக்கு எதிரே இருந்த பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். பசை இன்னும் ஈரமாக இருந்தது. கோவிந்தசாமி தேறியிருந்தார். மற்ற இருவரில் ஒருவர் தேறியிருந்தார்.

மதிப்பெண் வரிசையில் எழுதப்பட்ட பட்டியல் அது. முதல் பெயர் வரதன்.